கேட்கக் கூச்சப்படாதவர்கள்

அயர்லாந்தின் கடலோர ஊரான மில்லைலில் 1867-ல் பிறந்த எமி கார்மைக்கேலுக்குத் தன் பழுப்புக் கண்களைப் பிடிக்காது. அம்மாவுக்கு இருப்பதுபோல் நீலக் கண்கள்தான் வேண்டும். கடவுளிடம் கேட்டால் கிடைக்கும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஓர் இரவு ஜெபித்துவிட்டுப் படுத்தவள், காலையில் எழுந்ததும் நேரே கண்ணாடிக்கு ஓடினாள். அதே பழுப்பு. ஏமாந்து நின்றவளுக்கு, ‘இல்லை’ என்பதும் ஒரு பதில்தானே என்று உறைத்ததாம்.

இதைச் சொல்லும் பிரசங்கியார்கள் கதையை இங்கே விடுவதில்லை. அந்தச் சிறுமிதான் 1895-ல் இந்தியா வந்து, டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்து, 1951-ல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பாதவர். சேலை உடுத்தி, தோலுக்குச் சாயம் பூசிக்கொண்டு அவர் போன இடங்களில் பழுப்புக் கண்கள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஆகவே கடவுள் காரணத்தோடுதான் மறுத்தார் என்று முடிப்பார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அது பெரியவர்களுக்குத் தேவைப்படும் முடிவு. கண்ணாடி முன் நின்ற சிறுமிக்கு அந்தக் காரணம் தெரியாது. தெரியாமலேதான் அவள் ஜெபத்தை விடாமல் வளர்ந்தாள்.

குழந்தையின் விசுவாசம் என்றால் கேள்வி கேட்காமல் நம்புவது என்று சபைகளில் விளக்கம் சொல்வதுண்டு. அப்படிச் சொல்பவர்கள் ஞாயிறு பள்ளி வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததில்லை போலும். நோவாவின் பேழையில் சிங்கம் ஆட்டை ஏன் தின்னவில்லை? தாத்தாவுக்காக ஜெபித்தோமே, ஏன் செத்துப்போனார்? ஜெபக்குறிப்பு கேட்டால், நாய்க்குட்டிக்குக் கால் சரியாகணும் என்பதும் அப்பா குடிக்கக் கூடாது என்பதும் ஒரே மூச்சில் வரும். பெரியவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ‘உமது சித்தப்படி ஆகட்டும்’ என்று முதலிலேயே சொல்லி வைத்து, கிடைக்காமல் போனாலும் வலிக்காதபடி பார்த்துக்கொள்வார்கள். கெத்செமனேயில் இயேசுவும் பிதாவின் சித்தம் என்றார். ஆனால் அதற்கு முன், தமக்கு வேண்டியதை ஒளிக்காமல் கேட்டுவிட்டார்.

இயேசு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தியது, பரலோக ராஜ்யத்தில் யார் பெரியவன் என்று சீஷர்கள் கேட்டபோது. அன்றைய உலகில் குழந்தைக்கு என்ன மதிப்பு என்பதற்கு எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸ் கடிதம் ஒன்று சாட்சி. கி.மு. 1-ல் ஹிலாரியன் என்பவன் அலெக்சாந்திரியாவிலிருந்து கர்ப்பிணி மனைவிக்கு எழுதியது. உன்னை எப்படி மறப்பேன் என்று உருகுகிற அதே கடிதத்தில், பிறப்பது ஆண் என்றால் இருக்கட்டும், பெண் என்றால் வெளியே போட்டுவிடு என்கிறான். இப்படிப்பட்ட உலகில்தான், காட்ட ஒரு தகுதியும் இல்லாத ஒரு பிள்ளை பெரியவர்களுக்கு முன்மாதிரியாக நிறுத்தப்பட்டது. மத்தேயு 18-ம் அதிகாரத்தில் அடுத்த சில வசனங்களிலேயே, சிறியவர்களை இடறச் செய்பவனுக்கான ஏந்திரக்கல் எச்சரிக்கையும் வருகிறது. ‘குழந்தையைப் போல நம்பு’ என்று சொல்லி ஆட்களைப் பணியவைக்கும் ஊழியர்கள் அந்த வசனம் வரை வாசிப்பதில்லை.

1901 மார்ச்சில் ஒரு காலை, பண்ணைவிளையில் எமியிடம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்துவந்தார்கள். பெயர் பிரீனா. கோவிலுக்கு நேர்ந்துவிடுவதற்காக ஒப்படைக்கப்பட்டவள். ஏற்கெனவே ஒருமுறை தப்பித் தாயிடம் ஓடியிருந்தாள். தேடி வந்தவர்களிடம் தாயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். தண்டனையாகக் கைகளில் சூடு. மறுபடியும் தப்பியவள், முன்பின் பழகாத வெள்ளைக்காரப் பெண்ணின் மடியில் ஏறி உட்கார்ந்து, இனி இங்கேதான் இருப்பேன் என்றாள். இந்தப் பிள்ளைக்கு உலகம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெற்றவள் கைவிட்டதைப் பார்த்த பிறகும் இன்னொருத்தியை நம்ப அவளுக்குத் தெம்பு இருந்தது. டோனாவூர் இல்லம் அவளிடமிருந்துதான் தொடங்கியது.

பிள்ளைகளின் விசுவாசத்தை மதிக்கக் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் நாளாயிற்று. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க அப்போதெல்லாம் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1907-ல் அயர்லாந்தின் கார்க் நகரில் நான்கு வயது நெல்லி ஆர்கன், மரணப் படுக்கையில் நற்கருணை கேட்டு, ஆயரின் தனி அனுமதியோடு வாங்கினாள். 1910-ல் பாப்பரசர் பத்தாம் பயஸ் அந்த வயதை ஏறக்குறைய ஏழாகக் குறைத்தார். ஞானோபதேசம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிந்தால் போதும் என்றார்.

அதற்காக, புத்தியிலும் குழந்தைகளாக இருந்துவிடாதீர்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை மறக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் மட்டும் போதும் என்பவர்களும் குழந்தை விசுவாசத்தைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். காய்ச்சல் வந்த குழந்தையோ ஜெபமும் செய்யும், அம்மா என்று வீடு அதிரக் கத்தவும் செய்யும்.

மே விடுமுறையில் ஊர் ஊராக வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். பாட்டு, ஆக்‌ஷன், மனப்பாட வசனம், கடைசி நாள் பரிசு எல்லாம் இருக்கட்டும். பிள்ளைகள் கேட்பதற்கென்றும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். தாத்தா ஏன் செத்துப்போனார் என்று கேட்கும் பிள்ளையின் வாயை ஒரு வசனத்தால் அடைத்துவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். பிறகு அந்தப் பிள்ளையையே ஜெபிக்கச் சொல்லி, பக்கத்தில் இருந்து கேளுங்கள்.