பெரியோர் கையளித்த விசுவாசம்



தகப்பன் தேடிய நிலம் பத்திரத்தின் மூலம் மகனுக்கு வந்து சேருகிறது. தாயின் நகை மகளுக்குச் சேருகிறது. விசுவாசமும் அவ்வாறே தானாக வந்து சேருமா? "நாங்கள் பரம்பரைக் கிறீஸ்தவர்கள்" என்று பெருமையாகச் சொல்லுகிற நாம் இக்கேள்வியைச் சற்றே சிந்திப்பது நலம்.

நமது கோவளக் கடற்கரையிலேயே இதற்கு விடை உண்டு. வாடைக் காற்றின் போக்கையும் நீரோட்டத்தின் இழுப்பையும் மகனுக்குப் பத்திரத்தில் எழுதிவைக்க முடியாது. அவன் தகப்பனோடு கடலுக்குப் போய், பார்த்து, கேட்டு, கைப்படச் செய்து கற்றுக்கொள்ளுகிறான். ஒரு தலைமுறை கரையில் தங்கிவிட்டால் அந்த அறிவு அத்தோடு நின்றுபோகும். விசுவாசமும் இவ்வகைச் சொத்தே. ஞானஸ்நானத்தில் சர்வேசுரன் அதை வித்தாகத் தருகிறார். தண்ணீர் வார்த்து வளர்ப்பது வீட்டிலுள்ள பெரியோர் கடமை.

இலங்கைத் திருச்சபையின் சரித்திரம் இதற்கு நல்ல சாட்சி. 1658-ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்க குருக்கள் துரத்தப்பட்டார்கள், கோவில்கள் பறிபோயின. 29 ஆண்டுகள் கழித்து, 1687-ல், கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்னும் குருவானவர் கூலியாள் வேஷத்தில் அங்கே கரையிறங்கினார். அங்கு யார் கத்தோலிக்கர் என்று எவரிடம் கேட்பது? அவர் கழுத்தில் ஜெபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாய்ப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள். பின்பு சில்லாலை என்னும் ஊரில் தங்கி இரகசியமாய் ஞான ஊழியம் புரிந்தார்.

சற்றே எண்ணிப் பாருங்கள். 1658-ல் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 29. ஜெபமாலையின் மேன்மையை அக்குழந்தைக்குக் கற்பித்தது யார்? கோவிலில்லை, குருவில்லை. வீட்டிலுள்ள பெரியோரையன்றி வேறு யாராக இருக்கக்கூடும்? 2015 ஜனவரி 14-ல் பிரான்சிஸ் பாப்பரசர் கொழும்பில் ஜோசப் வாஸ் அடிகளுக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார். பெயர் தெரியாத அந்தப் பாட்டிமாரும் பாட்டன்மாரும் நம் வணக்கத்துக்குரியவர்களே. அர்ச். சின்னப்பரும் திமொத்தேயுவின் விசுவாசத்தைப் புகழும்போது, அது அவருடைய பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் முதலில் குடிகொண்டிருந்தது என்று எழுதுகிறார்.

அப்படியானால் பெரியோர் செய்த யாவற்றையும் நாமும் செய்ய வேண்டுமோ? அல்ல. கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்த்துச் சுவர் எழுப்பிய ஊர்கள் நம் நாட்டில் உண்டு. அதுவும் முன்னோர் வழக்கமே. ஆனால் மனிதர் வழக்கத்துக்காகத் தேவ கட்டளையைத் தள்ளுகிறவர்களைச் சேசுநாதர் கண்டித்தார். சிநேகத்துக்கு ஒத்ததைப் பற்றிக்கொள்ளுவதும் ஒவ்வாததை விட்டுவிடுவதுமே விவேகம். அதற்கும் முதலில் பெரியோர் சொல்வதைக் கேட்க வேண்டுமே! கேளாமல் தள்ளுவது விவேகமாகாது.

இன்று நம்மைத் துரத்துவார் இல்லை. கார்மேல் மாதா கோவில் இரு நூற்றாண்டுகளாய் நம் நடுவே நிற்கிறது. திவ்விய பலிபூசை உண்டு. வேதாகமம் கைப்பேசியிலும் உண்டு. ஆனால் மாலையில் ஒரே கூரையின் கீழ் தாத்தா திண்ணையிலும், பேரன் கைப்பேசியிலும், தாய் தொலைக்காட்சியின் முன்னும் இருந்தால், ஒல்லாந்தர் அடைக்க முடியாத வாசலை நாமே அடைத்தவர்கள் ஆவோம்.

ஆகையால் இந்த வாரம் ஒரு காரியம் செய்வோம். ஜெபமாலை முடிந்ததும் கால்மணி நேரம் கலையாமல் உட்காருங்கள். பிள்ளைகளே, 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கி நம் கரைக்கு வந்தபோது எப்படித் தாங்கினீர்கள், யாரை நினைத்து ஜெபித்தீர்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். பெரியோரே, புத்திமதியோடு நிறுத்தாமல் உங்கள் கண்ணீரையும், சந்தேகத்தையும், சர்வேசுரன் உங்களை நடத்தின விதத்தையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் போனால் அது உங்களோடு கல்லறைக்குப் போய்விடும்.

கார்மேல் மாதாவே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.