பெயரை விடுங்கள், தேவையைச் சொல்லுங்கள்

ஆட்டிசமோ ஏடிஎச்டியோ டிஸ்லெக்சியாவோ உள்ளவர் நீங்கள் என்றால், உங்களுக்கு வேலை எப்படி ஓடும், எங்கே முட்டும் என்பதைக் கூட வேலை பார்க்கிறவர்களிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அலுவலகமே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடும். முகம் பார்த்துப் பேசாதவருக்குத் திமிர். மீட்டிங்கில் சட்டென்று பதில் வராதவருக்கு விஷயம் தெரியாது. வாய்வழியாகச் சொன்ன ஐந்து வேலையில் இரண்டை விட்டவருக்கு அலட்சியம். அப்ரைசலில் அது ஏறிய பிறகு என்ன விளக்கம் கொடுத்தாலும் சாக்குப்போக்காகத்தான் காதில் விழும்.

அதற்காக மருத்துவர் எழுதிய சீட்டை மேசையில் விரிக்க வேண்டியதில்லை. உங்கள் நிலையின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆட்டிசம் என்றதும் முகம் மாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், "எனக்கும்தான் மறதி, அப்போ எனக்கும் ஏடிஎச்டியா?" என்று சிரிக்கிறவர்களும் உண்டு. தேவையை மட்டும் சொல்லுங்கள், அதையும் எழுத்தில் சொல்லுங்கள். "எனக்குக் கவனம் கொஞ்சம் கம்மி சார்" என்றால் டீம் லீட் என்ன செய்வார், பாவம்? "யோகா பண்ணுப்பா" என்பார். இப்படி எழுதிப் பாருங்கள்: "சார், போனில் சொல்கிற வேலை எனக்கு மனதில் நிற்பதில்லை. பேசி முடித்ததும் என்ன வேலை, எப்போதைக்குள், எது முதலில் என்று மூன்று வரி மெசேஜ் போட்டுவிடுங்கள். காலை 10 முதல் 12 வரை ஹெட்போன் போட்டிருப்பேன்; அவசரம் என்றால் தோளைத் தட்டாமல் மெசேஜ் அனுப்புங்கள், உடனே பார்ப்பேன்." இதில் கெஞ்சலும் இல்லை, முறைப்பும் இல்லை. படிக்கிறவருக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

சட்டமும் உங்கள் பக்கம் ஓரளவு நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் உண்டு. ஏடிஎச்டி பெயர் சொல்லி இல்லை. அரசு நிறுவனங்கள் ஊழியருக்குத் தேவையான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. தனியார் உட்பட எல்லா நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. உரிமை என்று கேட்கப்போனால் சான்றிதழ் கேட்பார்கள்தான். ஆனால் மூன்று வரி மெசேஜுக்கும் சான்றிதழ் கேட்கிற மேலாளருக்கு ஆள் நடத்தத் தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

மேலாளர்களே, உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் தனியாக வந்து சொன்னதை டீக்கடையில் பேசாதீர்கள். "பார்த்தா அப்படித் தெரியலையே" என்ற வார்த்தையை விழுங்கிவிடுங்கள். அப்படித் தெரியாமலிருக்க அவர் தினமும் படும் பாட்டில்தான் பாதித் தெம்பு போய்விடுகிறது. கேட்டதில் முடிந்ததை அன்றே செய்யுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்: நீங்கள் தட்டிக்கழிக்கிறீர்கள் என்பது புரியாமல், அவர் உண்மையிலேயே காத்திருப்பார்.