சூளையில் பானை அழிகிறதா?

பச்சைப் பானையைச் சூளையில் இட்டால் கருமை போய்ச் சிவப்பு வருகிறது. வெளியே எடுப்பது உள்ளே வைத்த அதே பானைதானா? பண்டைய இந்தியத் தத்துவ மரபினரான வைசேடிகரும் நையாயிகரும் இதை விடாமல் வாதிட்டார்கள். தீ பட்டதும் பானை அணு அணுவாகப் பிரிந்து அழிகிறது, நிறம் மாறிய அணுக்கள் கூடிப் புதுப்பானை பிறக்கிறது, கண்ணுக்குத் தப்பும் வேகத்தில் நடப்பதால் ஒன்றென மயங்குகிறோம் என்றனர் வைசேடிகர். இது பீலுபாகம், பீலு என்றால் அணு. பானை முழுதாக நிற்கும்போதே நுண்துளைகள் வழியே வெப்பம் புகுந்து அதை மாற்றுகிறது, இடையில் அழிந்திருந்தால் மேலே அடுக்கியவை சரிந்திருக்குமே என்று மறுத்தனர் நையாயிகர். இது பிடரபாகம். மாறிய பின்னும் ஒன்று அதுவாகவே இருக்க முடியுமா என்பதே இரு தரப்புக்கும் அடியில் கிடந்த கேள்வி. வினையையும் பிறவியையும் பேசும் எந்தச் சமயமும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நிலத்தடியில் இதே சூளை மிகப் பெரிதாக எரிந்திருக்கிறது. வட இங்கிலாந்தின் ஸ்கிடா மலைப்பகுதியில் கடலடிச் சேறு இறுகிச் சிலேட்டுக் கல்லாகியிருந்தது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் அதற்குள் பாறைக்குழம்பு ஏறி, ஆறிக் கிரானைட்டாயிற்று. சுற்றியிருந்த சிலேட்டு உருகவில்லை, வெந்தது. தொலைவில் வெப்பம் லேசாகப் பட்ட கல்லில் கியாஸ்டோலைட் படிகங்கள் முளைத்தன; இன்னும் அருகில் கார்டியரைட் புள்ளிகள்; கிரானைட்டை ஒட்டி, கெட்டியான ஹார்ன்ஃபெல்ஸ். அந்தக் கியாஸ்டோலைட்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே கரிய சிலுவை தெரியும். பழைய சேற்றிலிருந்த கரித்துகள்களைத்தான், வளரும் படிகம் அப்படித் தன்னுள் சேர்த்துக்கொண்டது. நீர் வெளியேறியது போக, கல்லின் வேதிப்பொருள்கள் பெரும்பாலும் முன்பிருந்தவையே. கனிமங்கள் மாறிய பிறகும் சேறு படிந்த அடுக்குகளின் வரிகள் பல இடங்களில் நிலைத்திருக்கின்றன. வைசேடிகர் சொன்ன பானைபோலக் கல்லும் அணுக்களாகச் சிதறி மறுபடி கூடியிருந்தால், அந்த வரிசையை எது நினைவில் வைத்திருந்தது? இந்த இடத்தில் நையாயிகர் சொன்னதே சரி என்பேன்.

பழைய கனிமங்கள் அழிந்தது உண்மைதானே என்று வைசேடிகர் கேட்கலாம். உண்மைதான், சிறு பகுதிகளில்தான் மாற்றம் நடக்கிறது என்ற அவர்கள் பார்வை கூர்மையானது. ஆனால் பழைய மணி கரையக் கரைய அதன் இடத்திலேயே புதுமணி வளர்ந்தது. முழுமை ஒரு கணமும் கலையவில்லை. தனி அணுவும் குணம் மாறவில்லை, அணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருந்த முறை மாறியது. இதை இரு தரப்பும் காணவில்லை. ‘அதே கல்’ என்பது நாம் வைக்கும் பெயர்தான், பாறை எப்படித் தீர்ப்புச் சொல்லும் என்பது இதைவிட வலுவான தடை. பெயர் நம்முடையது, சரி. அந்த அடுக்குகளோ பெயர் வைக்க மனிதன் பிறக்கும் முன்பே தொடர்ந்து நின்றவை. மாறாமல் இருப்பதை ஒருமைக்கு அடையாளமாகக் கொண்டதுதான் பிழை. அறுபடாத தொடர்ச்சியே அதன் அடையாளம்.

கல் மாறியது காதுக்கும் கேட்கும்: ஹார்ன்ஃபெல்ஸைத் தட்டினால் எழும் ஒலி சிலேட்டில் எழாது. ஸ்கிடாவின் ஹார்ன்ஃபெல்ஸ் கற்களைச் செதுக்கி, ஜோசப் ரிச்சர்ட்சன் என்ற கல்தச்சர் 1840-இல் ஓர் இசைக்கருவியைச் செய்து முடித்தார். அது இன்றும் கெசிக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.