மருந்தும் அனுமோதனையும்

சென்ற ஆண்டு தச லக்ஷண பருவத்தின்போது என் தங்கையின் பேரன் ஒரு வினா எழுப்பினான். அத்துடன், எட்டாண்டுகளாக உட்கொண்டு வந்த லித்தியம் மாத்திரையையும் நிறுத்திவிட்டான். கட்டுக்கடங்காத எழுச்சியும் உயிரையே வெறுக்கும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய் அவனுக்கு. "பாட்டி, இம்மருந்து உயிர்க்கொலையில் பிறந்தது. இதை விழுங்குவது அதற்கு அனுமோதனை ஆகாதா?" என்றான். வகுப்பில் இவ்வாறு கேட்ட பிள்ளைகளைப் பேசாது உட்காரச் சொன்னவள்தான் நான். இம்முறை அது இயலவில்லை.

அவன் சொன்னது மெய்யே. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மனநோயாளரின் சிறுநீரில் நஞ்சு உண்டோ என்றறிய அதனைக் கினிப்பன்றிகளின் உடலில் செலுத்தினார், பல இறந்தன. யூரிக் அமிலம் எளிதில் கரையாமையால் அதன் லித்திய உப்பைச் செலுத்தியபோது, அச்சிற்றுயிர்கள் அசைவொடுங்கிக் கிடந்தன. பின்னர் அவர் லித்திய உப்பைத் தாமே உட்கொண்டு பார்த்து, எழுச்சி நோயுற்ற பத்துப் பேருக்குக் கொடுத்தார். நோய் தணிந்ததை 1949-இல் வெளியிட்டார்.

அவ்வுயிர்கள் அமைதியுறவில்லை, நஞ்சேறி மயங்கின என்பதே பிற்கால அறிஞர் பலரின் கருத்து. எனவே அவற்றால் விளைந்தது ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பலாமோ என எனக்கும் தோன்றியது. ஆயினும் அவை அவ்வாறு கிடவாதிருப்பின் கேட் நோயாளரிடம் அவ்வுப்பைக் கொண்டு சென்றிருப்பாரா? அது சங்கல்பி ஹிம்சையே; மறைப்பதற்கில்லை.

ஆனால் அன்று கிடைத்தது வெறும் குறிப்பு, மருந்தன்று. முதலில் நலமுற்ற நோயாளியே 1950-இல் அவ்வுப்பின் நஞ்சால் மாண்டார். காக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி அத்துணைக் குறுகியது. குருதியில் அதனை அளக்கும் முறை வந்த பின்னரே மருத்துவர் அச்சமின்றிக் கையாள முடிந்தது. டென்மார்க்கின் மோகன்ஸ் ஸ்கௌ 1954-இல் முறையான ஒப்பீட்டாய்வை வெளியிட்டார். அமெரிக்கா 1970-இல்தான் ஒப்புதல் தந்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் என்னும் எல்லையைக் கற்பித்தது நோயாளரின் குருதியே.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில் பேரன் குறித்தது மூன்றாவது. அனுமோதனையாவது செயலை மனத்தால் ஏற்று மகிழ்தல். அதன் பயன் நம்மை வந்தடைதல் அன்று. அவ்வுயிர்களுக்காக வருந்துபவன் மகிழ்ந்தவன் ஆவானா? இனி நிகழும் சோதனைகளுக்கு இவ்வாதத்தை உரிமைச்சீட்டாக்க நான் உடன்படேன், அது வேறு. மாத்திரையை விட்ட மூன்றாம் வாரம் அவன் உறக்கம் இழந்தான். ஐந்தாம் வாரம் மருத்துவமனையில் சேர்த்தோம். தன்னுயிரை இடருக்குள்ளாக்குவதும் ஹிம்சைதானே?

நம் இல்லத்தார் அறிய வேண்டியது இன்னொன்று. உப்பையும் நீரையும் விட்டு நோன்பிருப்போர் நம்மில் பலர். உடலில் அவை குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைத் தேக்கிவிடும். வழக்கமான மாத்திரையே நஞ்சாகும். கைநடுக்கம் மிகுதல், வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்க. பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு என்னும் ஆறு ரசங்களில் உப்பொழிந்த வேறொன்றை விடலாமே.

இவ்வாண்டு அவன் மருத்துவரைக் கேட்டு, நெய்யையும் வெல்லத்தையும் விட்டான். க்ஷமாவணி நாளில் எங்கள் எல்லோரிடமும் பொறுத்தருளக் கேட்டபின், அக்கினிப்பன்றிகளிடமும் கேட்டதாகச் சொன்னான். அவன் தாய் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.