விருந்தும் புதுவரவும்: பண்டரிபுர வாரியை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

தமிழில் 'விருந்து' என்னும் சொல் முதற்கண் உணவைக் குறித்ததன்று. புதுமை என்பதே அதன் அடிப்படைப் பொருளாகும். தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தினைக் கூறுவதும், உரையாசிரியர்கள் அதற்குப் புதியதாகப் புனையும் யாப்பு எனப் பொருள் காண்பதும் இதனைத் தெளிவுறுத்தும். புதுமை என்னும் பண்பின் பெயர் புதிதாய் வந்தாரைக் குறிக்கும் ஆகுபெயராகி, பின்னர் அவர்க்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. இல்வாழ்வான் ஓம்பத்தக்காரை எண்ணுமிடத்து வள்ளுவர் விருந்தையும் ஒக்கலையும் தனித்தனியே வைத்தெண்ணுகிறார். உறவினர் வேறு, விருந்தினர் வேறு என்பது இதனாற் பெறப்படும். மாமன் மைத்துனருக்கு இடும் கறிச்சோறே விருந்து என இன்று வழங்குவது அச்சொல்லின் பொருள் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதற்குச் சான்றாகும்.

எனினும் விருந்தோம்பல் என்னும் அறத்துள் ஓர் எல்லை உள்ளடங்கியுள்ளது. விருந்தினர் என்பவர் போகக் கூடியவர். வந்தவரை ஓம்பி அனுப்பிவிட்டு, இனி வருவாரை எதிர்நோக்கி நிற்பவனையே குறளும் போற்றுகிறது. செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1795ஆம் ஆண்டில் வெளியிட்ட நிலைபேறான அமைதி பற்றிய நூலிலும், அயலான் ஒரு நிலத்திற்கு வந்து செல்வதற்கான உரிமையை எல்லார்க்கும் உரியதாக ஏற்கிறார். அங்கே தங்கி வாழ்வதற்கோ தனி உடன்பாடு வேண்டும் என்கிறார். அவ்வாறாயின், போகாமல் நம்முள் ஒருவராக இருக்க வந்த புதியவர்க்கு ஒரு கூட்டம் செய்ய வேண்டுவது யாது? முகமலர்ச்சியும் சோறும் அவர்க்குப் போதுமா? இவ்வினாவை ஆராய்வதற்குப் பூனா நகர் வழியே ஆண்டுதோறும் செல்லும் பண்டரிபுர வாரி தக்கதொரு களமாக அமைகிறது.

'வாரி' என்பது மராத்தியில் மீண்டும் மீண்டும் மேற்கொள்ளும் பயணத்தைக் குறிக்கும். அதனைச் செய்வோர் வார்கரிகள். ஆஷாட ஏகாதசியன்று பண்டரிபுரம் சேரும் வகையில், ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளும் தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் பல்லக்கில் புறப்படுகின்றன. துக்காராமின் மகன் நாராயண மகராஜ் 1685ஆம் ஆண்டில் பல்லக்கு மரபைத் தொடங்கினார் என்பர். ஆளந்திப் பல்லக்கின் இன்றைய ஒழுங்கு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹைபத்பாபா என்பவரால் அமைக்கப்பெற்றது. இரு பல்லக்குகளும் பூனாவில் தங்குகின்றன. ஞானேசுவரர் பல்லக்கு பவானி பேட்டையிலும் துக்காராம் பல்லக்கு நானா பேட்டையிலும் உள்ள விட்டோபா கோயில்களில் இறங்கும். அந்நாள்களில் நகரத்தார் வார்கரிகளுக்கு உணவளித்தல், மழைத்தாள் கொடுத்தல், அறுந்த செருப்பைத் தைத்துத் தருதல், நடந்து சோர்ந்த கால்களைப் பிடித்துவிடுதல் எனப் பலவகையாலும் தொண்டு செய்கின்றனர். இது வள்ளுவர் போற்றிய விருந்தோம்பலே. ஆயின் பல்லக்கு நகரெல்லையைக் கடந்ததும் அது முடிந்துவிடுகிறது. வார்கரிக் கூட்டம் தனக்குள் வரும் புதியவரை எவ்வாறு ஏற்கிறது என்பதே இங்கு நுணுகி நோக்கத்தக்கது.

வார்கரிகள் ஒருவரையொருவர் 'மாவுலி' என விளிக்கின்றனர். தாய் என்பது அதன் பொருள். ஞானேசுவரருக்குரிய பெயரும் அதுவே. முதியவர், இளையவர் என்னும் வேறுபாடின்றி ஒருவர் காலை மற்றவர் தொட்டு வணங்குவர். வணக்கம் பெற்றவர் உடனே திருப்பி வணங்குவார். முதல்முறை வந்தவரும் நாற்பது முறை நடந்தவரும் இவ்வணக்கத்தில் ஒரு நிரையினர் ஆகின்றனர். வார்கரியாக ஆவதற்கும் பிறப்பு கேட்கப்படுவதில்லை. துளசிமணி மாலை அணிந்து, ஊனும் கள்ளும் நீக்கி, வாரி தவறாது செல்வதாக உறுதி பூண்டால் போதுமானது. விதி ஏதும் இல்லாத கூட்டம் கூட்டமாக நிலைப்பதில்லை. ஆகவே புதியவர்மீது விதி சுமத்துவதையே குறையெனக் கூற இயலாது. புதியவர் தம் செயலால் நிறைவேற்றத்தக்க விதி எது, அவர் எது செய்தும் நிறைவேற்ற இயலாத விதி எது என்பதே பிரித்தறியப்பட வேண்டியது. முன்னது வாயில், பின்னது சுவர். துளசிமாலை முதல்வகையைச் சார்ந்தது.

பந்தியோ இரண்டாம் வகையைச் சார்ந்ததாக இருந்தது. பூனா தக்காணக் கல்லூரியில் பணியாற்றிய மானிடவியல் அறிஞர் இராவதி கார்வே (1905–1970) ஞானேசுவரர் பல்லக்குடன் நடந்து எழுதிய கட்டுரை இதற்குச் சான்று தருகிறது. அதன் ஆங்கில வடிவம் 1962ஆம் ஆண்டில் 'ஜர்னல் ஆஃப் ஏசியன் ஸ்டடீஸ்' இதழில் வெளிவந்தது. வார்கரிகள் 'திண்டி' எனப்படும் குழுக்களாக நடப்பர். கார்வே சேர்ந்த திண்டியில் பிராமணரும் மராட்டியரும் இருந்தனர். ஒன்றாக நடந்தனர், ஒரே பாடல்களை ஒரே குரலில் பாடினர், உண்ணும்போது மட்டும் பிரிந்தமர்ந்தனர். பிராமணப் பெண்ணாகிய கார்வேயை இது வருத்தியது. அவர் மராட்டியப் பெண்களுடன் சென்று உண்டார். அதன் பின்னரே அப்பெண்கள் அவர் கைபற்றி நடந்து, தம் வாழ்க்கைக் கதைகளைக் கூறி, 'தாய்' என்று அழைக்கலாயினர். மராத்தியில் அச்சொல் தமக்கையைக் குறிக்கும். 'மாவுலி' என்னும் பொது விளியை முதல்நாளே பெற்றிருந்தவர், உறவுவிளியைப் பந்தியில் அமர்ந்த பிறகே பெற்றார் என்பது எண்ணத்தக்கது.

தனித்து உண்பதெல்லாம் விலக்கல் ஆகுமா என்பாரும் உளர். சிலப்பதிகாரம் இதற்கு விடை தருகிறது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் சாவக நோன்பினன் என்பதறிந்த இடைக்குல முதுமகள் மாதரி, புதிய கலங்களும் காய்களும் கனிகளும் அரிசியும் பாலும் நெய்யும் தந்து, கண்ணகி தானே சமைத்துக்கொள்ள வகைசெய்கிறாள். மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்டித் துணைநிற்கிறாள். புறத்தே காணின் இதுவும் தனிச்சமையல்தான். திண்டியில் நிகழ்ந்ததும் தனிப்பந்திதான். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மாதரி வீட்டில் வேற்றுமை வந்தவரின் நோன்பிலிருந்து எழுகிறது. இல்லத்தார் தம் அடுப்பங்கரையையே அதற்கு இடமாக்குகின்றனர். திண்டியிலோ வேற்றுமை பிறப்பிலிருந்து எழுகிறது. அதனை எவரும் வேண்டிப் பெறவில்லை. மாதரியின் செயலை இளங்கோவடிகள் விருந்து என்னாது அடைக்கலம் என்றே பெயரிட்டுக் காதைத் தலைப்பாகவும் வைத்தார். கோவலன் கொலையுண்டபின், அடைக்கலத்தை இழந்தேன் என்று கூறி மாதரி எரியகம் புகுந்ததை நோக்கின், விருந்தினும் கனமான பொறுப்பு அது என்பது புலனாகும்.

பண்டரிபுரத்திலேயே இச்சிக்கலின் பழைய வடிவம் கல்லாய் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சோகாமேளர் மகார் குலத்தவர். அவருடைய அபங்கங்களை வார்கரிகள் போற்றிப் பாடினர். அவரோ கோயிலினுள் அனுமதிக்கப்படவில்லை. அவர் சமாதி கோயில் வாயிலுக்கு வெளியே உள்ளது. பாட்டு உள்ளே சென்றது, பாடியவர் செல்லவில்லை. தீண்டப்படாதார் எனப்பட்டோர்க்கு அவ்வாயில் திறக்க 1947ஆம் ஆண்டில் சானே குருஜி உண்ணாநோன்பு மேற்கொள்ள வேண்டியிருந்தது. இனிய வரவேற்பு மொழியும் நெடுநாளைய விலக்கலும் ஒரே மரபினுள் அறுநூறு ஆண்டுகள் உடன்வாழ்ந்தன என்றால், முன்னதைக் கொண்டு பின்னது இல்லையென முடிவுகட்டுவது பிழையாகும்.

கார்வேயின் கட்டுரையில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. பயணத்தின் இறுதி நாள்களில் அம்மராட்டியப் பெண்களுட் சிலர், பூனாவில் அவரைக் காண வருவோம் என்றனர். அப்போது இளம்பெண் ஒருத்தி, அங்கு வந்தாலும் இப்போது பழகுவது போலவே எங்களிடம் பழகுவீர்களா எனக் கேட்டாள். எளிய அவ்வினா தம்மை ஆழத் தைத்ததாகக் கார்வே எழுதுகிறார். அறவியல் நோக்கில் இவ்வினா கட்டுரை முழுவதினும் கூர்மையானது. திண்டியில் புதியவர் கார்வே. அப்பெண்கள் அவரை ஏற்றனர். பூனா வீட்டில் அப்பெண்ணே புதியவள் ஆவாள். வழியில் அனைவர்க்கும் ஒரே மழை, ஒரே சேறு. எவரும் எவர் வீட்டு வாயிற்படியிலும் நிற்கவில்லை. ஆதலின் அங்குக் காட்டும் சமன்மை எளிது. வீட்டிலோ கதவும் அடுப்பங்கரையும் அண்டை அயலார் கண்களும் உள்ளன. தன்னை அழைப்பாரா என்று அப்பெண் கேட்கவில்லை. அழைப்பு உறுதியெனக் கொண்டு, உள்ளே எந்த இடத்தில் அமர்த்தப்படுவேன் என்பதையே கேட்டாள்.