ஓசியில் ஒரு மலை

‘ஓசி’ என்ற வார்த்தை எப்படி வந்தது தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஆபீஸ் தபால்களுக்கு ஸ்டாம்ப் கிடையாதாம். ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்பதைச் சுருக்கி ஓ.சி. என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்களாம். அதுதான் ஓசி ஆயிற்று என்பார்கள். உண்மையோ, கட்டுக்கதையோ, எனக்கு இது பிடிக்கும். ஏனென்றால், அந்தத் தபால் சும்மா போகவில்லை. கம்பெனி செலவில் போனது. கம்பெனிக்கு ஏது காசு? நம் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா கட்டிய நிலவரி!

ஆக, ஓசியில் எதை அனுபவித்தாலும், பில் யார் பெயருக்குப் போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. (பி.காம். படித்தவன் புத்தி வேறெங்கே போகும்?)

ரோம் நகரில் காசில்லாமல் பார்க்க வேண்டிய இடங்கள் என்றால் பாந்தியன் தவறாமல் சொல்லப்படும். ஏறக்குறைய 1,900 வருடப் பழைய கட்டடம். 2023 ஜூலையில் அதற்கும் 5 யூரோ டிக்கெட் போட்டுவிட்டார்கள். ரோம்வாசிகளுக்கு இலவசம். வெனிஸ் இன்னும் ஒரு படி மேலே. 2024-ல், கூட்டம் அலைமோதும் நாட்களில், பகலில் வந்து திரும்புகிறவர்கள் ஊருக்குள் கால் வைக்கவே 5 யூரோ என்றார்கள். ஊரைப் பார்க்க டிக்கெட்டா, அநியாயமா இல்லே என்கிறீர்களா? அங்கே குடியிருப்பவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

நம்ம ஏற்காட்டுக்கு வாருங்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலோர் ஏரியில் போட், அண்ணா பூங்கா, லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்து விளக்குகள், மிளகாய் பஜ்ஜி என்று முடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நான் சொல்ல வருவது அதைத் தாண்டி, மாரமங்கலம் மாதிரி உள்ளே இருக்கும் மலைக்கிராமங்களை. அங்கே டிக்கெட் கவுன்ட்டர் கிடையாது. காட்சி மட்டும் உண்டு. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காபிச் செடி. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால், ஒரு வாரம் பத்து நாள் கழித்து மலைச்சரிவே வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். கிட்டத்தட்ட மல்லிகை வாசனை. இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் வாடிவிடும். தோட்டக்காரருக்கு அந்த மழை ஒரு வருட வருமானம். வரவில்லையென்றால் காசு செலவழித்துத் தண்ணீர் அடிக்க வேண்டும். ரோட்டில் போகிற உங்களுக்கோ வாசனை இலவசம்.

இது தப்பா? சமையல் வாசனை பிடித்ததற்குக் காசு கேட்ட ஓட்டல்காரருக்கு, காசைக் குலுக்கிச் சத்தத்தை மட்டும் கொடுத்த கதை நமக்குத் தெரியும். சரியான தீர்ப்பு. நீங்கள் முகர்ந்ததால் ஒரு பூவும் குறையவில்லை.

ஆனால், அந்தக் கதையில் வாசனை பிடித்தவன் போகும்போது ஓட்டல் வாசலில் பாட்டிலை உடைத்துவிட்டுப் போகவில்லையே! இங்கே வ்யூ பார்க்கிற பாறைதான் பலருக்கு பார். மறுநாள் காலை அதே பாறையில் ஆடு மேயும், செருப்பில்லாத பிள்ளை ஓடும். சேர்வராயன் மலையின் பழங்குடியான மலையாளிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்கிறவர்கள்) வீட்டுப் பிள்ளை. பில் அந்த வீட்டு விலாசத்துக்குப் போகிறது.

அப்போ டிக்கெட் போட்டுடலாமே என்பீர்கள். எனக்கு உடன்பாடில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில், குழந்தைகள் காப்பகங்களில் ஒரு சோதனை செய்தார்கள். 2000-ல் அது கட்டுரையாக வந்தது. சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட லேட்டாக வரும் பெற்றோருக்கு அபராதம். என்ன ஆச்சு? லேட்டாக வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். முன்பு ‘டீச்சர் காத்திருப்பாங்களே’ என்று ஒரு கூச்சம் இருந்தது. இப்போதுதான் காசு கொடுத்தாயிற்றே! அபராதத்தை எடுத்த பிறகும் அந்தக் கூச்சம் திரும்பவில்லை. நம் ஆள் 50 ரூபாய் டிக்கெட் வாங்கினால், ‘குப்பை பொறுக்கத்தானே காசு வாங்கினே?’ என்று கேட்பார். கேட்கிறாரா, இல்லையா?

நீலகிரியில் 2022-ல், நீதிமன்றம் சொல்லி, டாஸ்மாக்கில் வேறு வழி பிடித்தார்கள். பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதல், காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்த 10 ரூபாய் வாபஸ். இது விலை இல்லை, அடகு. நகையை மீட்கிற மாதிரி, போய் மீட்டுக்கொண்டு வரவேண்டும். ஓசியில் மலை பார்க்க வருகிறவரிடம் கேட்கத்தக்கது இந்த மாதிரி ஓர் அடகுதான் என்று எனக்குப் படுகிறது. கல்யாண மண்டபத்துக்கே டெபாசிட் கட்டுகிறோம்.

ஏப்ரலில் நீங்கள் அந்தப் பக்கம் போகும்போது பூ பூத்திருந்தால், வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். டீசல் புகையில் காபிப்பூ வாசனை தெரியாது.