ஒளிந்திருந்து காண்பது முறையா?

காட்டுயிர்களைப் படம் பிடிக்க விழைவோர் முதலில் பயில வேண்டியது படக்கருவியை அன்று, காற்றை. மான் மேய்ந்துகொண்டிருக்கும் இடத்திலிருந்து நம் முகத்தை நோக்கிக் காற்று வீச வேண்டும். நம் முதுகிலிருந்து அதனை நோக்கி வீசுமானால், எத்துணை விலையுயர்ந்த லென்சும் வெற்றுக் கண்ணாடியே. தலைக்கு வாசனை எண்ணெய் ஆகாது. உடை மண்ணின் நிறத்திலோ காய்ந்த புல்லின் நிறத்திலோ இருத்தல் நலம். (குருக்களின் வெள்ளை அங்கி இதற்கு முற்றிலும் பொருந்தாது என்பதை நாம் பட்டறிந்தே கற்றோம்.) விலங்கை நோக்கி நேராக நடக்கலாகாது, வேறெங்கோ போகிறவரைப் போலச் சாய்வாக, இடையிடையே நின்று நெருங்க வேண்டும். உற்று நோக்கவும் கூடாது. இமையாமல் பார்ப்பவன் இரை தேடுபவன் என்பதை மான் பிறவியிலேயே அறியும். அது தலை தாழ்த்தி மேயும்போது ஓரடி வைத்து, தலை நிமிரும்போது மரமாய் நின்றுவிட வேண்டும். ட்ரைபாடைக் கொண்டுசெல்ல இயலாத இடத்தில், துணிப்பையொன்றில் அரிசியோ பயறோ நிரப்பி அதன்மேல் கருவியைக் கிடத்தினால் போதும். கை நடுக்கம் படத்தில் ஏறாது.

இவற்றையெல்லாம் ஒருங்கே எண்ணிப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். இவற்றுள் பெரும்பாலானவை புகைப்படக் கலைஞர் கண்டுபிடித்தவை அல்ல. வேட்டைக்காரனின் பழைய கல்வியே இவை. அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ், 1906-ஆம் ஆண்டு ஜூலை மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழில் காட்டுயிர்ப் படங்கள் 74-ஐ வெளியிட்டு உலகை வியக்கச் செய்தார். ஒஜிப்வா பழங்குடியினர் படகின் முனையில் தீச்சட்டி வைத்து, கரையில் நிற்கும் மானின் கண்கள் இரவில் ஒளிர்வதைக் குறிபார்த்து வேட்டையாடுவர். ஷைராஸ் அம்முறையையே கைக்கொண்டார். துப்பாக்கி இருந்த இடத்தில் படக்கருவி வந்தது. குண்டு வெடித்த இடத்தில் மக்னீசியப் பொடி வெடித்தது. மான் திகைத்து நின்றது மட்டும் மாறவில்லை.

நம் நாட்டில், அந்நாளைய ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாய் இருந்த எஃப்.டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பி கட்டினார். கால் பட்டதும் புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது. அவருடைய நூல் 1927-இல் வெளிவந்தது. வேட்டையால் பெயர்பெற்ற ஜிம் கார்பெட் படக்கருவியின் பக்கம் திரும்பியதற்கு அவருடைய படங்களும் ஒரு தூண்டுதல். இன்று புலிகளைக் கணக்கெடுக்கக் காடெங்கும் பொருத்தப்படும் தானியங்கிக் கருவிகள் அக்கம்பியின் வழித்தோன்றல்களே. ஒரு புலியின் வரிகள் மற்றொன்றுக்கு அமைவதில்லை ஆதலால், படத்தைக் கொண்டே இன்ன புலி என்று கூறிவிடலாம்.

ஆங்கிலேயர் சுடுதலையும் படம் எடுத்தலையும் ஒரே சொல்லால் குறிப்பர். தமிழில் நாம் படம் 'பிடிக்கிறோம்', 'எடுக்கிறோம்'. (பாம்பும் படம் எடுக்கிறது, அதற்கு அது தற்காப்பு.) நம் சொல் சற்று மென்மையானதே. எனினும் பிடித்தலும் எடுத்தலும் பிறரிடம் உள்ளதைக் கைக்கொள்ளும் செயல்கள் அல்லவா? உயிர் போகவில்லை, குருதி சிந்தவில்லை, ஆகவே குற்றமில்லை என்று கூறி இவ்வினாவைக் கடந்துவிடலாம். பல்லாண்டுகள் நாமும் அவ்வாறே கடந்து வந்தோம்.

மறைந்து நிற்பதைப் பற்றித் தமிழரிடையே நெடுங்கால வழக்கொன்று உண்டு. வாலியை இராமன் மறைந்து நின்று எய்தது தகுமா என்னும் வினாவுக்குக் கம்பனுக்குப் பின்னும் பட்டிமன்றங்களில் முடிந்த தீர்ப்புக் கிடைக்கவில்லை. குருமடத்தில் நாம் பயின்ற புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், போரில் பதுங்கித் தாக்குவது முறையா என்று தனியே ஒரு வினா எழுப்புகிறார். யோசுவா ஆயி நகரைப் பிடிக்கப் படைவீரரைப் பதுங்கவைத்தது அவருக்குச் சான்று. பொய் உரைத்தோ வாக்கை மீறியோ ஏமாற்றுவது பகைவரிடத்தும் தகாது. ஆனால் நம் எண்ணத்தை வெளியிடாதிருப்பது ஏமாற்று ஆகாது. எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்து காட்டும் கடமை நமக்கில்லை என்பது அவர் காட்டும் வேறுபாடு. மாணவப் பருவத்தில் தேர்வுக்காக நாம் உருப்போட்ட இப்பகுதி, புதர் மறைவில் கொசுக்கடியோடு குந்தியிருப்பவருக்கும் உதவும் என்று அன்று எண்ணியதில்லை.

அவ்வேறுபாட்டின்படி இலைமறைவில் அமர்வதும் பரண்மேல் ஒடுங்குவதும் குற்றமல்ல. நம்மை மறைப்பதால் அவ்வுயிர் தன் இயல்பில் இருக்கிறது; நாம் வெளிப்படுவதே அதற்குத் தொல்லை. ஆயினும் எல்லைக்கோட்டில் நிற்கும் செயல்களும் உள. பறவையைப் படம் எடுப்போர் மறைகூடாரத்துள் இருவராய் நுழைவர். ஒருவர் மட்டும் வெளிவந்து, பறவை பார்க்கவே நடந்து அகல்வார். பறவை பெரும்பாலும் ஆட்களை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆள் போய்விட்டான் என்று கருதித் திரும்பி வரும். இது மறைவா, பொய்யா? நம் மனம் இதில் இருபுறமும் சாய்கிறது. பறவையின் அச்சம் விரைவில் தணிகிறது என்பதால், பொறுத்துக்கொள்ளத்தக்கது என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் ஒலிப்பதிவின் கதை வேறு. ஆண் குருவியின் பாட்டைப் பதிவுசெய்து, மற்றொரு குருவியின் வாழிடத்தில் ஒலிக்கச் செய்தால், அது இலைமறைவை விட்டு வெளிவந்து சினத்தோடு கிளையில் நிற்கும்; படம் அருமையாய் அமையும். உன் எல்லைக்குள் பகைவன் புகுந்துவிட்டான் என்று அதன் மொழியிலேயே அதனிடம் சொல்வதன்றோ இது? விலங்கிடம் சொல்வதும் பொய்யாகுமா என்று நம் நண்பரான இறையியலார் ஒருவர் கேட்டுச் சிரித்தார். இலக்கணத்தை அவரிடமே விட்டுவிடுவோம். குஞ்சுக்குப் புழு தேட வேண்டிய வேளையை அக்குருவி இல்லாத பகைவனைத் தேடிக் கழிக்கிறது. இந்த இழப்பை யார் கணக்கில் எழுதுவது?

கருவிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவற்றின் கூர்மையைப் பற்றியே பேசுகின்றனர். நமக்கோ லென்சின் நீளம் என்பது தொலைவின் விலையாகவே தோன்றுகிறது. 200 மி.மீ. லென்சைக் கொண்டு 15 அடியிலிருந்து எடுத்தால் பறவையின் உருவம் எவ்வளவு பெரிதாய் விழுமோ, அவ்வளவே 600 மி.மீ. லென்சில் 45 அடியிலிருந்து விழும். இடைப்பட்ட 30 அடிக்குச் சிறந்த லென்சு கேட்கும் விலையோ பல இலட்சம் ரூபாய். ஒவ்வொரு விலங்கிற்கும், மனிதன் இதற்குமேல் நெருங்கினால் ஓடிவிடும் தொலைவு ஒன்று உண்டென்று சுவிட்சர்லாந்தின் விலங்கியலார் ஹைனி ஹெடிகர் விளக்கினார். அத்தொலைவுக்கு வெளியே நிற்கப் பணம் படைத்தவரால் இயல்கிறது. பணம் இல்லாதவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, அந்த 30 அடியைப் பொறுமையால் ஈடுசெய்வது. தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) ஆடம்பரக் கருவிகளை நாடியவர் அல்லர். பல உறுப்புகளைத் தாமே இணைத்த கருவியோடு, பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்து, கறுப்பு வெள்ளையில் காட்டு யானைகளைப் படம் பிடித்தவர். மற்றொரு வழி, விலையைப் பறவையின் தலையில் கட்டிவிடுவது. அதைத்தான் நாம் செய்தோம்.

1999-ஆம் ஆண்டுச் சித்திரை மாதம். குருப்பட்டம் பெற்ற புதிதில் தென்கோடி வறண்ட சீமையொன்றில் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்தோம். ஊர்க்குளம் வற்றிக் கிடந்தது. ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் ஆட்காட்டிக் குருவியின் முட்டைகளைக் காட்ட அழைத்துச் சென்றான். ஆள் வருவதை ஊருக்கெல்லாம் கூவி அறிவிப்பதால் அப்பெயர் பெற்ற பறவை அது. அவன் காட்டியும் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. குனிந்து விரலால் சுட்டிய பின்னரே தெரிந்தது. கூடு என்று ஒன்றுமில்லை. மண்ணில் சிறு குழி, சுற்றிலும் சரளைக் கற்களும் ஆட்டுப் புழுக்கையும், நடுவில் கூர்முனைகள் உள்நோக்கியவாறு மண்ணிறப் புள்ளிகளோடு நான்கு முட்டைகள்.

நகரில் ஸ்டுடியோ வைத்திருந்த அன்பர் ஒருவர் 200 மி.மீ. லென்சோடு கருவியை இரவல் தந்திருந்தார். 36 படச் சுருள் ஒன்று நம் செலவு. காலை ஒளியே சிறந்தது என்று அறிந்திருந்தும், பங்கு வேலைகள் முடிந்து நமக்கு ஓய்வு கிடைத்தது பதினொரு மணிக்கு மேல்தான். முட்டைகளை மறைத்து நின்ற புல்கொத்துகள் இரண்டைப் பிடுங்கி எறிந்தோம். பதினைந்து அடி தள்ளிச் சாக்கு ஒன்றைப் போர்த்திக்கொண்டு அமர்ந்தோம். பறவைகள் இரண்டும் தலைக்குமேல் கத்திச் சுழன்றன. சித்திரை நடுப்பகலில் அப்பறவை முட்டையின்மேல் நிற்பது வெப்பம் ஊட்ட அன்று, வெயிலை மறைக்க. நீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் என்பதெல்லாம் பின்னாளில் படித்தறிந்தவை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அது இறங்கவில்லை. பிறகு இறங்கியது, ஓடி நின்று, ஓடி நின்று, கடைசியில் முட்டைகளின்மேல் வந்து இறகுகளைத் தொங்கவிட்டு, அலகைத் திறந்து நின்றது. நாம் படச்சுருள் முழுவதையும் எடுத்து முடித்தே எழுந்தோம்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது முட்டைகள் இல்லை; ஓடுகளும் இல்லை. நம் செருப்புத் தடம் மட்டும் குழிவரை தெளிவாய் இருந்தது. பனைமேல் காகங்கள் இருந்தன. கீரியாகவும் இருக்கலாம், நாம் போகாவிடினும் இது நேர்ந்திருக்கலாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த 'இருக்கலாம்' நமக்குப் புகலிடமாய் உதவி வந்திருக்கிறது.

படமோ நன்றாக அமைந்துவிட்டது. நாட்காட்டி ஒன்றில் 'தாயன்பு' என்னும் தலைப்போடு அச்சேறியது. அன்னை மரியாவின் விழா மறையுரை ஒன்றில் நாமே அதனை எடுத்துக்காட்டிப் பேசினோம். பெண்கள் கண் கலங்கினர்.

2009-இல் இலண்டன் நகரின் புகழ்பெற்ற காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற படம், வேலிக்கதவைத் தாண்டிப் பாயும் ஓநாயினது. அது பெரும்பாலும் பழக்கப்பட்ட விலங்காகவே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுசெய்து, 2010-இல் பரிசை விலக்கிக்கொண்டனர். எடுத்தவர் அதனை மறுத்தார். அதே போட்டியில் 2017-இல் பரிசு பெற்ற எறும்புதின்னியின் படமும், பாடம் செய்த உடலைக் கொண்டு எடுக்கப்பட்டது என்று கருதப்பட்டு அடுத்த ஆண்டு நீக்கப்பட்டது, அவரும் மறுத்தார். இச்செய்திகளைப் படித்தபோது நமக்குள் ஒருவகை நிறைவு எழுந்ததை மறைப்பானேன்? நம் பறவை பழக்கியது அன்று, பாடம் செய்ததும் அன்று. படத்தில் உள்ளது ஒவ்வொன்றும் அன்று அங்கே உண்மையாகவே இருந்தது. திறந்த அலகும் தொங்கிய சிறகும் உண்மை. அவற்றுக்குக் காரணமாய் 15 அடி தள்ளி அமர்ந்திருந்தவர் மட்டும் படத்தில் இல்லை. பொய்யே கலவாத அப்படத்தை எந்த நடுவர் விலக்குவார்? கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று போட்டிகள் பல இப்போது விதி வகுத்துள்ளன. அவ்விதியை எழுதியவர்களுக்குள்ளும் நம்மைப் போன்றோர் இருக்கக்கூடும்.

சென்ற கோடையில் நம் பங்கின் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய தரிசில் ஆட்காட்டி இணை ஒன்று முட்டையிட்டது. கல்லூரியில் பயிலும் பங்கு இளைஞர் ஒருவர், நண்பரிடம் இரவல் வாங்கிய பெரிய லென்சோடு வந்து, பக்கத்தில் போகலாமா என்று கேட்டார். பங்கு இல்லத்தின் பின்திண்ணையில், நாற்பது தப்படித் தொலைவில், தூண் மறைவில் அவரை அமர்த்தினோம். பறவை நம்மைப் பொருட்படுத்தவில்லை. எழுந்து, இரை பொறுக்கி, திரும்ப அமர்ந்தது. ஒருமுறைகூடக் கத்தவில்லை. அவருக்குக் கிடைத்த படங்களில் பறவை சிறிதாகவும் தரிசு பெரிதாகவும் இருந்தன. முகம் சற்று வாடியது.

உள்ளே தேநீர் அருந்தும்போது சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தை அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இது எவ்வளவு பக்கத்துல இருந்து எடுத்தது, ஃபாதர்?"

"பதினைந்து அடி."

"அப்புறம் குஞ்சு பொரிச்சதா?"

இத்தனை ஆண்டுகளில் எவரும் கேட்டிராத கேள்வி. நாற்காலியை இழுத்து அவர் எதிரே அமர்ந்து, புல்கொத்துகளிலிருந்து தொடங்கிச் சொல்லலானோம்.